மூன்று மணி நேரமும் மூன்றரை நிமிடமும்

அவசரத் தரையிறக்கம் என்றாலே பேச்சு விமானியைச் சுற்றித்தான் போகும். அவர் என்ன பேசினார், எந்த விசையைத் தொட்டார், எத்தனை நொடியில் முடிவெடுத்தார் என்பதெல்லாம் கறுப்புப் பெட்டியில் பதிவாகிறது. விசாரணை அறிக்கையில் இடம்பெறுகிறது, பிறகு சினிமாவாகவும் வருகிறது. பின்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் நூற்றைம்பது பேருக்கு அந்த வேளையில் செய்ய ஒன்றுமில்லை. அதனால் அவர்களைப் பற்றிச் சொல்லவும் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் செய்ய ஒன்றுமில்லாதவருக்கு நேரும் அனுபவம் தனி வகை. விமானிக்கு வேலை இருக்கிறது. பயணிக்குக் காத்திருப்பு மட்டும்தான். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளம், அதற்குள் அவர் காதில் என்ன விழுகிறது, கண்ணில் என்ன படுகிறது என்பதைப் பொறுத்தே அவருடைய அச்சம் அமைகிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இதைப் பார்க்க இரண்டு சம்பவங்கள் வாகாக அமைந்திருக்கின்றன. ஒன்று, 2005 செப்டம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறங்கிய ஜெட்புளூ 292. மற்றது, 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய யூஎஸ் ஏர்வேஸ் 1549. இரண்டும் ஏர்பஸ் ஏ320 ரகம். இரண்டும் அமெரிக்க உள்நாட்டுச் சேவை. முதல் விமானத்தில் 140 பயணிகள், இரண்டாவதில் 150. கிளம்பிய நேரம்கூட ஏறக்குறைய ஒன்றுதான், பிற்பகல் மூன்று மணி தாண்டிச் சில நிமிடங்கள். இரண்டிலும் ஒருவர்கூட இறக்கவில்லை. இத்தனை ஒற்றுமைக்கும் நடுவில் ஒரே ஒரு பெரிய வேற்றுமை. முதல் விமானத்தின் பயணிகளுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஏறத்தாழ மூன்று மணி நேரம் கிடைத்தது. இரண்டாவது விமானத்தின் பயணிகளுக்கு மூன்றரை நிமிடம். அதிலும் முதல் இரண்டு நிமிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஜெட்புளூ விமானம் லாஸ் ஏஞ்சலஸை அடுத்த பர்பேங்கிலிருந்து நியூயார்க் போக வேண்டியது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கான பயணம் என்பதால் வயிறு நிறைய எரிபொருள். மேலே எழுந்ததும் முன்சக்கரம் உள்ளே மடங்கவில்லை, விமானி அறையில் பழுது அறிவிப்புகள் வந்தன. என்ன பழுது என்பது உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே தலைமை விமானி ஸ்காட் பர்க் லாங் பீச் விமான நிலையத்துக்குப் போய், கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டித் தாழப் பறந்து வயிற்றுப் பகுதியைக் காட்டினார். கீழே இருந்தவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. முன்சக்கரம் இடப்பக்கமாக 90 டிகிரி திரும்பி, ஓடும் திசைக்குக் குறுக்கே நிற்கிறது. அந்தச் சக்கரம் தரையில் உருளாது, தேயத்தான் செய்யும்.

உடனே இறங்கவும் முடியாது. பெரிய ரக விமானங்கள் சிலவற்றைப் போல ஏ320-ஆல் எரிபொருளை வானில் கொட்ட முடியாது. பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும். எடை குறைந்தால் இறங்கும் வேகம் குறையும், முன்சக்கரத்தின் மேல் விழும் பாரமும் குறையும். வானிலேயே வட்டமடிக்கத் தொடங்கினார்கள். இதுவரை இது ஒரு பழுதான விமானத்தின் கதை. இதை வேறு கதையாக மாற்றியது ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் இருந்த சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி.

ஜெட்புளூ தன் பயணிகளுக்குச் செயற்கைக்கோள் வழியாக நேரடித் தொலைக்காட்சி தந்துவந்த நிறுவனம். அன்றைக்கு வானிலை நன்றாக இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் தொலைக்காட்சிகளிடம் எப்போதும் ஹெலிகாப்டர்கள் தயார். சற்று நேரத்தில் செய்திச் சேனல்கள் எல்லாம் ஒரே படத்தைக் காட்டத் தொடங்கின: திரும்பிய முன்சக்கரத்தோடு பறக்கும் ஒரு விமானம். அந்த விமானத்துக்குள் உட்கார்ந்து, அதே படத்தை, எதிர் இருக்கையின் முதுகில் பயணிகள் பார்த்தார்கள். தாம் இருக்கும் விமானத்தின் அடிவயிற்றை, தமக்கு ஒருபோதும் தெரிய வாய்ப்பில்லாத அந்தச் சக்கரத்தை, நாடு முழுவதோடும் சேர்ந்து அவர்களும் பார்த்தார்கள். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த நிபுணர்கள் என்னென்ன நடக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். சக்கரத் தண்டு ஒடியலாம், மூக்கு தரையில் இடிக்கலாம், தீப்பிடிக்கலாம். நிபுணர் என்று அழைக்கப்பட்டவர் எல்லா வாய்ப்பையும் சொல்லத்தான் செய்வார், அதுதான் அவர் பிழைப்பு. ஆனால் கேட்பவர் அந்த விமானத்துக்குள்ளேயே இருப்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அந்தப் பயணிகளின் மூன்று மணி நேரத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு நிலைமைதான் ஒப்பாகத் தோன்றுகிறது: அறுவை சிகிச்சைக்காக மயக்கமருந்துக்குக் காத்துப் படுத்திருப்பவர், பக்கத்து அறையில் மருத்துவர்கள் தன் எக்ஸ்ரேவை வைத்துக்கொண்டு பேசுவதைக் கேட்பது. மருத்துவர்கள் பதற்றமில்லாமல்தான் பேசுவார்கள். படுத்திருப்பவருக்கு அந்தப் பதற்றமின்மையே வயிற்றில் புளியைக் கரைக்கும். அழுதவர்கள் உண்டு, பிரார்த்தித்தவர்கள் உண்டு, தொலைபேசியில் வீட்டாரைப் பிடிக்க முயன்றவர்கள் உண்டு. தம் சாவையே தொலைக்காட்சியில் பார்க்கப் போகிறோமோ என்ற விபரீத நினைப்பு வந்ததாகப் பின்னர் சொன்னவரும் உண்டு. திரையை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அணைப்பது எளிதல்ல. நம்மைப் பற்றிய செய்தி ஓடும்போது பார்க்காமல் இருக்க யாருக்கு மனம் வரும்?

இந்தக் கதையின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தொலைக்காட்சிக்குக் கிடைத்த அதே நேரத்தைப் பணியாளர்களும் பயன்படுத்தினார்கள். முன்வரிசைகளில் இருந்தவர்களை எழுப்பிப் பின்பக்கம் உட்கார வைத்தார்கள். கைப்பைகளையும் பின்னால் கொண்டுபோனார்கள், முன்பகுதியின் பாரம் குறையட்டும் என்று. எப்படிக் குனிந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து, தரையிறங்கும் முன்பே தொலைக்காட்சி அணைக்கப்பட்டது. நீண்டு அகன்ற ஓடுபாதைகள் இருந்ததால் லாஸ் ஏஞ்சலஸ் சர்வதேச விமான நிலையம் தேர்வானது. அங்கே ஓடுபாதையின் ஓரமெங்கும் தீயணைப்பு வண்டிகள் வரிசைகட்டி நின்றன.

மாலை 6.20க்கு விமானம் இறங்கியது. பின்சக்கரங்கள் முதலில் தரையைத் தொட்டன. முடிந்தமட்டும் மூக்கைத் தூக்கியே வைத்திருந்தார் பர்க். கடைசியில் முன்சக்கரம் தரையில் பட்டதும் புகை, பிறகு டயர் கிழிந்து தீப்பொறி, பிறகு தீ. வெளியே பார்த்தவர்களுக்கு அது பயங்கரக் காட்சி. உள்ளே இருந்தவர்களுக்குக் கருகிய ரப்பர் வாடை மட்டும்தான் வந்தது, அதுவும் முன்பக்கத்தில். சுமார் 3.4 கிலோமீட்டர் நீள ஓடுபாதை முடிய ஏறத்தாழ 300 மீட்டர் இருக்கையில் விமானம் நடுக்கோட்டிலேயே நின்றது. தீ இல்லை என்று கோபுரம் உறுதிசெய்தது. அதை விமானி ஒலிபெருக்கியில் சொன்னார். போன உயிர் திரும்பிவந்த கைதட்டல். சறுக்குப் பாதைகூடத் தேவைப்படவில்லை, படிக்கட்டு வண்டி வைத்து எல்லோரும் நடந்தே இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

இப்போது ஹட்சன். லகார்டியா விமான நிலையத்திலிருந்து வட கரோலினாவின் சார்லட் நகருக்குக் கிளம்பிய விமானம். சார்லட் வங்கிகளின் ஊர் என்பதால் வேலை முடிந்து வீடு திரும்பும் வங்கிக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். வாரத்தில் பலமுறை பறப்பவர்களுக்கு விமானப் பயணம் பேருந்துப் பயணம் மாதிரிதான். கிளம்பும் முன் பணிப்பெண் நின்று காட்டும் பாதுகாப்பு விளக்கத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. இது என் ஊகமல்ல. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிறகு விசாரித்தபோது அந்தப் பயணிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் விளக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது.

கிளம்பி இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகியிருக்கும். ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் கனடா வாத்துக் கூட்டம் ஒன்று மோதியது. ஒவ்வொன்றும் மூன்று நான்கு கிலோ எடையுள்ள பறவைகள். இரண்டு என்ஜின்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வலுவிழந்தன. பயணிகள் மோதல் சத்தம் கேட்டார்கள், கருகிய வாடை வந்தது, ஜன்னலோரம் இருந்த சிலர் என்ஜினிலிருந்து தீ வருவதைப் பார்த்தார்கள். அதன்பின் வந்தது அமைதி. பறக்கும் விமானத்தில் என்ஜின் ஓசை எப்போதும் இருப்பதால் அதை நாம் கேட்பதே இல்லை. அது நின்றபோது நூலகத்துக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டதாக நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஜெட்புளூ பயணிகளுக்குக் காதெல்லாம் பேச்சு, இவர்களுக்கு அதுகூட இல்லை.

விமானி அறையில் தலைமை விமானி செஸ்லி சல்லன்பெர்கரும் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸும் என்ன செய்தார்கள் என்பது உலகறிந்த கதை. 2016-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைச் ‘சல்லி’ என்று படமாகவும் எடுத்தார். அதை விட்டுவிடுகிறேன். இருக்கையிலிருந்து பார்த்தால் தெரிந்தது இவ்வளவே. விமானம் இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பி லகார்டியாவுக்கே போகிறோம் என்று பலர் நினைத்தார்கள். பணிப்பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆறு தெரிகிறது. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேலே 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கடக்கிறோம். கட்டடங்கள் ஜன்னல் மட்டத்துக்கு வருகின்றன. அப்போதுதான் விமானியின் குரல் வந்தது: மோதலுக்குத் தயாராகுங்கள். அவ்வளவுதான். ஆற்றில் இறங்குகிறோம் என்றோ, தண்ணீர் என்றோ ஒரு சொல் இல்லை. தண்ணீரைத் தொட அப்போது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம்தான் இருந்தது. பணிப்பெண்கள் மூவரும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, குனியுங்கள், தலையைத் தூக்காதீர்கள் என்று ஒரே குரலில் திரும்பத் திரும்பக் கத்தத் தொடங்கினார்கள். மூடிய கதவுக்கு மறுபக்கம் அது தனக்குக் கேட்டதாகவும், அவர்கள் தன்னோடு சேர்ந்து இயங்குகிறார்கள் என்ற தெம்பை அது தந்ததாகவும் சல்லன்பெர்கர் பிறகு சொன்னார்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் நடந்த ஒன்று விசாரணை அறிக்கையில் வறண்ட இரண்டொரு வாக்கியமாக இருக்கிறது. ஒன்பது மாதக் கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த தாயிடம், பக்கத்து இருக்கைக்காரர் குழந்தையைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். முன்பின் அறியாத ஆள். தாய் கொடுத்துவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மணி நேரம் கிடைத்திருந்தால் அந்தத் தாய் இருநூறு தடவை யோசித்திருப்பார், கணவரோடு பேசியிருப்பார், பணிப்பெண்ணிடம் கேட்டிருப்பார். கொடுத்திருப்பாரா என்பது தெரியாது. நேரம் இல்லாததால் அங்கே கேள்விக்கே இடமில்லை.

இங்கேதான் இரண்டு சம்பவங்களும் தலைகீழாகத் திரும்புகின்றன. ஜெட்புளூ விமானத்தின் ஆபத்து, பார்வைக்குத் தெரிந்ததைவிடச் சிறியது. ஏ320 குடும்பத்தில் முன்சக்கரம் இப்படித் திரும்பியது அது முதல் தடவை அல்ல. 1999-இல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸில் அமெரிக்கா வெஸ்ட் நிறுவன விமானம் ஒன்று இதே கோலத்தில் இறங்கியிருந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் நன்றாக இருந்தன, என்ஜின்கள் ஓடின, பிரேக் பிடித்தது. ஹட்சன் விமானத்துக்கோ என்ஜின் இல்லை, ஓடுபாதை இல்லை, இரண்டாவது முயற்சிக்கு வழி இல்லை. அச்சமோ மாறிப் பங்கிடப்பட்டது. குறைந்த ஆபத்தில் இருந்தவர்கள் மூன்று மணி நேரம் அதை மென்று மென்று விழுங்கினார்கள். சாவின் வாசல்வரை போனவர்களுக்குப் பயப்பட நேரமே வாய்க்கவில்லை. தண்ணீரில் இறங்கிய பிறகுதான் பலருக்கும் பதற்றம் தொடங்கியது. பணிப்பெண்களே கதவைத் திறந்து பார்த்தபோதுதான் வெளியே ஆறு என்று அறிந்தார்கள்.

இதைக் கொண்டு தெரியாமல் இருப்பதே நல்லது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஹட்சனில் விமானம் நின்ற பிறகு நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

விமானம் வால்பக்கமாகத் தண்ணீரில் பட்டதால் பின்பகுதியின் அடித்தகடு கிழிந்தது. தரையைத் துளைத்துக்கொண்டு வந்த உலோகத் துண்டு ஒன்று பின்பக்கம் இருந்த பணிப்பெண் டோரீன் வெல்ஷின் காலைக் கிழித்தது. பின்கதவுகளைப் பயன்படுத்த முடியவில்லை. தண்ணீர் மளமளவென்று ஏறியது. பின்பகுதியில் இருந்தவர்கள் முன்னால் போக வேண்டும், முன்னால் போகும் வழியோ நெரிசல். ஆற்று நீரின் வெப்பம் சுமார் 5 டிகிரி, வெளிக்காற்று உறைநிலைக்கும் கீழே 7 டிகிரி. இந்த நிலையில் உயிர்காப்பு அங்கி ஒவ்வொருவருடைய இருக்கைக்கு அடியிலும் இருந்தது. கடைசியில் அது தம் கைக்குக் கிடைத்ததாகச் சொன்னவர்கள் சுமார் 33 பேர்தான். இடுப்புப் பட்டையைக் கட்டிச் சரியாக அணிந்துகொண்டவர்கள் வெறும் 4 பேர். இருக்கைக்கு அடியில் கைவிட்டு எடுக்கப் பார்த்து, வராமல் விட்டவர்கள் உண்டு. அங்கே இருக்கிறது என்ற நினைவே வராதவர்கள் அதைவிட அதிகம். பயணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இறக்கைகளின் மேல் தண்ணீரில் நின்ற படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் படத்தில் பலர் அங்கி இல்லாமல் நிற்பதைக் கவனித்தவர்கள் அதைவிடக் குறைவு.

அவர்கள் பிழைத்ததில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது. பகல் வேளை, அலையில்லாத ஆறு. நியூயார்க் வாட்டர்வே படகுகள் அந்தத் துறையிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் முதல் படகு சுமார் நான்கு நிமிடத்தில் வந்து சேர்ந்தது. மிதவைப் படகாக மாறும் சறுக்குப் பாதைகள் அந்த விமானத்தில் இருந்ததும் தற்செயல்தான். கடல்மேல் நெடுந்தூரம் போகாத லகார்டியா–சார்லட் தடத்துக்கு அவை கட்டாயமே இல்லை. நடுக்கடலிலோ இரவிலோ இதே மூன்றரை நிமிடம் நேர்ந்திருந்தால் அந்த 4 பேருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாடு வேறு விதமாக எண்ணப்பட்டிருக்கும்.

பைகள் விஷயம் தனியாகச் சொல்லத்தக்கது. ஜெட்புளூவில் பைகளைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னவர்கள் பணியாளர்கள். பயணி தன் பையோடு மல்லுக்கட்ட வேண்டிய நிலையே வரவில்லை. ஹட்சனில் தண்ணீர் ஏறும்போதும் பையை எடுக்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போய் ஓடுபாதையில் விழுந்த எமிரேட்ஸ் 521. கன்னியாகுமரி மாவட்டத்தார் வளைகுடாவுக்குப் போகப் பயன்படுத்தும் விமான நிலையம் அது. விமானத்துக்குள் புகை சூழும்போது பயணிகள் மேல்தட்டுகளைத் திறந்து பைகளைத் தேடியதை ஒரு செல்பேசிக் காணொளி காட்டியது. 300 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்தார். அந்தக் காணொளியை வைத்துத் தென்னிந்தியர்களைக் கிண்டல் செய்தவர்கள் ஏராளம். ஹட்சன் விமானப் பயணிகள் சிலரும் அதையேதான் செய்தார்கள் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. கடவுச்சீட்டும் சம்பாத்தியமும் பைக்குள் இருக்கும்போது கை தானாக மேலே போகும். முன்கூட்டி ஒருவர் வந்து அதை எடுத்து வைத்துவிட்டால்தான் போகாது.

பிந்தைய நாட்களிலும் இரண்டு கூட்டத்தாரின் வழி பிரிந்தது. ஜெட்புளூ பயணிகள் பையும் கையுமாக வீடு போனார்கள். அவர்கள் வந்த விமானம் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பறந்தது. ஹட்சன் பயணிகளுக்கு இழந்த பொருட்களுக்காக ஆளுக்கு 5000 டாலர் காசோலையும் மன்னிப்புக் கடிதமும் வந்தன. சில மாதங்கள் கழித்து, ஆற்றிலிருந்து மீட்டு உலர்த்திச் சுத்தம்செய்த உடைமைகளும் வந்தன. விமானம் 2011-இல் சாலை வழியாகச் சார்லட் போய்ச் சேர்ந்தது; இப்போது சல்லன்பெர்கர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தனக்கு நடந்ததை ஹட்சன் பயணி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், கேட்பவருக்கும் புரியும்: வாத்து மோதி ஆற்றில் இறங்கினோம். ஜெட்புளூ பயணியின் பாடு சிரமம். முன்சக்கரம் திரும்பாமல் பிடித்துவைக்கும் இரண்டு சிறு உலோக முளைகள் களைத்து ஒடிந்தன. ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் முன்பு சக்கரத்தை அசைத்துச் சோதிக்கும் கணினி, அந்த அசைவாலேயே முளைகளைக் களைப்பாக்கிவிட்டது. சோதனையே பழுதுக்குக் காரணம் என்று கண்டறிந்தது விசாரணை. இதை விருந்தில் யாருக்கு விளக்குவது? தொலைக்காட்சியில் தன்னையே பார்த்த கதையைத்தான் அவர் சொல்வார், கேட்பவர்களும் அதைத்தான் விரும்புவார்கள்.

பயணிக்கு எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் வைத்து நான் எடுக்கும் நிலை இது. ஜெட்புளூவில் கெடுதல் செய்தது செய்தி அல்ல, செய்தி வந்த இடம். விமானி சொன்னதும் பணியாளர் சொன்னதும் பயணியை நோக்கிச் சொல்லப்பட்டவை. இப்படிச் செய், இங்கே உட்கார், இதைப் பிடி என்று கைக்கு வேலை தந்தவை. தொலைக்காட்சி சொன்னது வீட்டில் சோபாவில் இருப்பவருக்காகச் சொல்லப்பட்டது. ஒரே சக்கரத்தைப் பற்றிய இரண்டு பேச்சு. ஒன்று பயணியை ஆளாக வைத்துப் பேசியது, மற்றது படமாக வைத்து. திரைகளை இன்னும் முன்பே அணைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இன்றைக்கு அது நடவாது. விமானத்திலேயே வைஃபை இருக்கிறது, ஒவ்வொருவர் கையிலும் திரை இருக்கிறது.

ஆனாலும் நேரம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். ஹட்சனில் பலத்த காயம்பட்ட பயணிகள் நால்வர். அவர்களில் இரு பெண்களுக்கு ஒரே மாதிரியாகத் தோள் எலும்பு முறிந்திருந்தது. இருவரும் ஒரே மாதிரி குனிந்திருந்தார்கள்: கைகளை முன்னிருக்கையின் முதுகில் ஊன்றித் தலையைச் சாய்த்து. அலட்சியத்தால் வந்த வினை அல்ல அது. அப்போதைய வழிகாட்டுதல் சொன்ன நிலைக்கு அது நெருக்கமானது. அந்த வழிகாட்டுதல், மோதும்போது முன்பக்கமாக மடியும் பழைய வகை இருக்கைகளை மனத்தில் வைத்து உருவானது. அந்த விமானத்தில் இருந்தவை மடியாத புதுவகை இருக்கைகள், அதனால் அடி முழுவதும் தோளில் இறங்கியது. விசாரணை வாரியம் இதைச் சுட்டிக்காட்டி, புதிய இருக்கைகளுக்கு ஏற்ற நிலை எது என்று ஆராயும்படி விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் கேட்டது. அந்த இரு பெண்களுக்கு மூன்றரை நிமிடத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் கிடைத்து, பணிப்பெண் வரிசை வரிசையாக வந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தாலும், சொல்லிக்கொடுத்திருக்கக்கூடியது அதே நிலையைத்தான்.